சட்டைப் பைக்குள் ஒரு கட்டைப் பேணி

இலங்கையின் வடக்கே வன்னியில் சிகரெட்டைப் பெட்டியோடு வாங்குகிறவர்கள் குறைவு. பெட்டிக்கடையில் ஒன்றோ இரண்டோ தனியாக வாங்கி, அங்கே கட்டியிருக்கும் லைற்றரிலேயே பற்றவைத்து, பக்கத்து வாங்கிலோ மரநிழலிலோ நின்று புகைத்து முடித்து, மிஞ்சும் கட்டையைக் காலடியில் போட்டு மிதித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். பிற நாடுகளில் “கட்டையைத் திரும்பவும் பெட்டிக்குள்ளே போடுங்கள்” என்று சொல்லிக் கொடுப்பார்கள். இங்கே அந்தப் பெட்டி கடைக்காரரின் தட்டிலேயே இருந்துவிடுகிறது. புகைப்பவரின் கையில் ஒற்றைச் சிகரெட் மட்டும்தான். அது முடிந்ததும் கட்டையை வைக்க அவரிடம் இடமில்லை.

அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. ஒரு சிறு மூடிப் பேணி (டப்பா) சட்டைப் பையில் அல்லது மடியில். அது நிரம்பினால் கொட்ட ஒரு பெரிய பேணி கடை வாசலில். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் பலன். சின்னப் பேணியை மட்டும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போனால், இரண்டு மூன்று நாளில் அது நிரம்பும். நிரம்பியதை வேலியோரம் கவிழ்ப்பார்கள். ஒவ்வொன்றாக விழுந்த கட்டைகள் ஒரே இடத்தில் குவியலாக விழும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கட்டைக்குள் என்ன இருக்கிறது

சிகரெட்டின் அடியில் உள்ள வெள்ளைப் பஞ்சு பருத்திப் பஞ்சு அல்ல. அது செலுலோஸ் அசிற்றேற் என்னும் பிளாஸ்ரிக் இழை. ஒரு பஞ்சில் ஆயிரக்கணக்கான இழைகள் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கும். மழையிலும் வெயிலிலும் கிடந்தால் பிரிந்து பிரிந்து கண்ணுக்குத் தெரியாத நாராகும். மண்ணோடு மண்ணாக மக்கிப்போக ஆண்டுக்கணக்காகும். புகையில் வந்த நிக்கொற்றின், தார், ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள் எல்லாம் அந்தப் பஞ்சில் ஊறிப்போய் இருக்கும். தண்ணீர் பட்டவுடன் இவை கசியத் தொடங்கும். அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு கட்டை என்ற அளவே சோதனை மீன்களில் பாதியை நான்கு நாளில் கொல்லப் போதுமாக இருந்தது. நன்னீர் மீன், கடல்மீன் இரண்டிலும் அதே முடிவு.

புகையிலைக் கசாயம் அடித்துப் பூச்சியை விரட்டிய கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதே சாறுதான் ஐப்பசி முதல் மழையில் வீதியோரக் கானுக்குள் இறங்கி, வாய்க்கால் வழியாகக் குளத்துக்குப் போகிறது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை மழை குறைவு. அத்தனை மாதம் விழுந்த கட்டைகளும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். முதல் இரண்டு மழையில் எல்லாம் ஒருமிக்க ஓடும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் என்று குளத்து மீனை நம்பிக் குடும்பங்கள் இருக்கும் இடம் இது.

நெருப்பு இன்னொரு பக்கம். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் காய்ந்த புல், காவோலை, கிடுகு வேலி, வெட்டு முடிந்த வயலில் கிடக்கும் வைக்கோல் எல்லாம் ஒரு தணலுக்குக் காத்திருக்கும். ஓடும் மோட்டார் சைக்கிளிலிருந்து சுண்டிவிடும் கட்டை காற்றுப் பட்டு இன்னும் சிவக்கும். பேணிக்குள் போட்ட கட்டையால் இந்த ஆபத்து இல்லை.

எந்தப் பேணி சரி

வெற்றிலை போடுகிறவர் மடியில் வைத்திருக்கும் சுண்ணாம்புக் கறண்டகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்குள் அடங்க வேண்டும், ஒரு கையால் திறக்க முடிய வேண்டும், மூடினால் உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது. கட்டைப் பேணிக்கு இதோடு இரண்டு தேவை கூடும்: சூடு தாங்க வேண்டும், காற்றுப் புகக் கூடாது.

அளவு: புகைத்து முடித்த கட்டை இரண்டரை முதல் மூன்றரை சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். நிறுத்திப் போடும் உருளைப் பேணியானால் உள்ளுயரம் குறைந்தது 4 சென்ரிமீற்றரும், குறுக்களவு 3 சென்ரிமீற்றரும் வேண்டும். படுக்கப் போடும் தட்டைப் பேணியானால் 8க்கு 5 சென்ரிமீற்றர், ஆழம் ஒன்றரை முதல் இரண்டு. 50 மில்லிலீற்றர் கொள்ளும் பேணியில் பத்துப் பன்னிரண்டு கட்டை தாராளமாகப் போடலாம். அதைவிடப் பெரிதாகப் போகாதீர்கள். பெரிய பேணியை யாரும் பையில் வைக்க மாட்டார்கள். உள்ளே காற்றும் கூட இருப்பதால் தணல் அணையவும் நேரமெடுக்கும்.

முதல் தெரிவு, திருகு மூடியுள்ள சிறிய அலுமினியப் பேணி அல்லது சரக்குத்தூள் போட்டு வைக்கும் சின்னச் சில்வர் பேணி. பாத்திரக் கடைகளில் கிடைக்கும். மூடியின் உட்புறத்தில் றப்பர் அல்லது பிளாஸ்ரிக் வளையம் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். வளையம் இருந்தால் மணம் வெளியே வராது. ஆனால் திருநீற்றுப் பேணி மாதிரி இருப்பதை எடுக்க வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் மனம் நோவார்கள்; கைமாறிப் போகவும் கூடும்.

இரண்டாவது, மிட்டாய் வரும் கீல் மூடித் தகரம். கட்டையைப் படுக்கப் போடலாம், சட்டைப் பையில் தட்டையாக இருக்கும். மூடி இறுக்கமில்லாததுதான் குறை. அதற்கு வழி கீழே உண்டு. மிட்டாய்ப் படமும் பெயரும் தெரியாமல் முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, கறுப்பு நிறம் பூசுங்கள். பிள்ளைகள் மிட்டாயென்று திறந்துவிடக் கூடாது என்பதால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

கரையும் விற்றமின் மாத்திரை வரும் பிளாஸ்ரிக் குழாய் பலரிடம் சும்மா கிடக்கும். மூடி நல்ல இறுக்கம். பிளாஸ்ரிக் என்பதால் தணலோடு கட்டையைப் போட்டால் துளை விழும். முழுக்க அணைத்த பிறகே போடுவேன் என்கிறவருக்கு மட்டும் பொருந்தும். முல்லைத்தீவுக் கரையில் கடலுக்குப் போகிறவர்களுக்கு, தகரத்தைவிட இதுவே நல்லது. உப்புக் காற்றில் தகரம் சில மாதத்தில் துருப்பிடித்து மூடி இறுகிவிடும்.

வேண்டாதவை: நெருப்புப்பெட்டி (காரணம் சொல்லத் தேவையில்லை), மருந்து வந்த போத்தல் (வயதானவர்கள் உள்ள வீட்டில் மாறிப்போகும்), கண்ணாடிப் போத்தல் (விழுந்தால் உடையும்), வெறும் பொலித்தீன் பை.

கீல் மூடித் தகரத்தைக் காற்றுப் புகாமல் ஆக்குதல்

தேவையானவை பழைய சைக்கிள் ரியூப், பங்சர் ஒட்டும் சொலூசன், அரத்தாள், கத்தரிக்கோல். சைக்கிள் கடையில் கேட்டால் ரியூப் துண்டு சும்மாவே தருவார்கள்.

ரியூபை நீளவாக்கில் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். அதிலிருந்து 6 மில்லிமீற்றர் அகலப் பட்டி ஒன்று வெட்டுங்கள். நீளம், மூடியின் உள்விளிம்பைச் சுற்றி வரும் அளவு. 8க்கு 5 தகரத்துக்கு 26 சென்ரிமீற்றர் வேண்டும். மூடியின் உள்விளிம்பையும் பட்டியின் ஒரு பக்கத்தையும் அரத்தாளால் தேயுங்கள். தேய்க்காமல் ஒட்டினால் ஒரு கிழமையில் கழன்று வரும். இரண்டிலும் சொலூசனை மெல்லிதாகப் பூசி, ஐந்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தி ஒட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் எல்லாரும் விடும் பிழை. கீல் இருக்கும் பக்கம் பட்டி தடிப்பாக நின்றால் மூடி மூடாது. அந்த இடத்தில் மட்டும் பட்டியை மூன்று மில்லிமீற்றராகக் குறைத்து வெட்டுங்கள்.

சொலூசன் ஆவி சட்டென்று தீப்பற்றும். ஒட்டியபின் மூடியைத் திறந்தபடி ஒரு நாள் முழுக்கக் காற்றில் வைத்து, மணம் போன பிறகே பாவிக்கத் தொடங்க வேண்டும்.

இறுக்கம் சரியா என்று பார்க்க, காய்ந்த கடதாசித் துண்டு ஒன்றை உள்ளே வைத்து மூடி, வாளித் தண்ணீருக்குள் ஒரு நிமிடம் அமிழ்த்திப் பிடியுங்கள். எந்த மூலையில் குமிழி வருகிறதோ அங்கே பட்டி சரியாக இல்லை. எடுத்துத் துடைத்துத் திறக்கும்போது கடதாசி காய்ந்தபடி இருந்தால் பேணி தயார்.

பால்மாப் பையில் மடிப்புப் பை

தகரம் கிடைக்காத இடத்தில், அல்லது திருவிழாவுக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்க, இது உதவும். உட்புறம் வெள்ளி நிறமான 400 கிராம் பால்மாப் பையை எடுத்து வெட்டி விரித்துத் துடைத்து, 22க்கு 10 சென்ரிமீற்றர் துண்டாக வெட்டுங்கள். சமையலறை அலுமினியத் தாளை நான்கு மடிப்பாக அதே அளவுக்கு மடித்து அதன் மேல் வையுங்கள். பால்மாப் பையின் உட்பக்கமும் மெல்லிய பிளாஸ்ரிக்தான். அலுமினியத் தாள் இல்லாமல் வைத்தால் சூட்டில் சுருங்கிவிடும். தாள் ஒரு மடிப்பாக இருந்தால் சூடு நேராகப் பின்னால் போகும், நகம் பட்டாலே கிழியும். ஆகவே நான்குக்குக் குறையக் கூடாது.

கீழ்ப்பக்கத்தை 9 சென்ரிமீற்றர் மேலே மடித்தால் 9 ஆழப் பையும் மேலே 4 சென்ரிமீற்றர் நாக்கும் வரும். இரண்டு ஓரத்தையும் ஒரு சென்ரிமீற்றர் உள்ளே மடித்து, சென்ரிமீற்றருக்கொரு ஸ்ரேப்பிளர் ஊசி அடித்து, மேலே துணி டேப் ஒட்டுங்கள். நாக்கை இரண்டு தடவை மடித்து உடுப்புக் கிளிப் ஒன்றால் பிடித்துவிடலாம். ஐந்தாறு கட்டை போகும். இரண்டு கிழமையில் உள்தாள் கிழியும். கிழிந்தால் தாளை மட்டும் மாற்றுங்கள். அணையாத கட்டையை இதற்குள் போடவே கூடாது.

அணைப்பது எப்படி

பேணியைக் குறை சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லுவது இரண்டுதான்: “நாறுது”, “பையைச் சுட்டுப்போட்டுது”. இரண்டுக்கும் காரணம் அரைகுறையாக அணைத்ததுதான்.

சிகரெட்டைப் பஞ்சு வரை இழுக்க வேண்டாம். எழுத்து இருக்கும் இடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் முன்னே நிறுத்துங்கள். பேணியைத் திறந்து, மூடியின் உட்பக்கத்தில், றப்பர் படாத நடு இடத்தில், கட்டையைச் செங்குத்தாக வைத்து அழுத்தி அரைச் சுற்றுத் திருப்புங்கள். சிவந்த தணல் கழன்று மூடியில் விழும். கட்டையின் முனையை அதன் மேல் இன்னொரு தடவை ஒற்றினால் தணல் நசுங்கிக் கறுக்கும். இப்போது கட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூல்போல ஒரு புகைக்கோடு எழுகிறதென்றால் உள்ளே இன்னும் நெருப்பு இருக்கிறது, திரும்பவும் அழுத்துங்கள். கோடு நின்றதும் உள்ளே போட்டு மூடி, இரண்டு நிமிடம் கையில் வைத்திருங்கள். பேணி கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் பைக்குள் போகலாம்.

மூடிய பேணிக்குள் தணல் சாவது ஒட்சிசன் தீர்வதால். 50 மில்லிலீற்றர் காற்றில் ஒட்சிசன் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு சிறு தணலுக்கு அது நெடுநேரம் போதாது. மூடி கசிந்தால் இந்தக் கணக்கு சரிவராது. கட்டை உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், பஞ்சு கருகத் தொடங்கினால் தொண்டையைப் பிடிக்கும் ஒரு புளிப்பு நெடி வரும். அந்த நெடி வந்தால் பேணியை உடனே வெறும் நிலத்தில் வைத்துத் திறந்து, மணல் போட்டு அணையுங்கள்.

பேணியின் அடியில் என்ன போடுவது என்பதில் ஒரு தப்பெண்ணம் உண்டு. “அடுப்புச் சாம்பல் கொஞ்சம் போட்டால் அணையும்” என்பார்கள். இரவில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவைத்து விடியக் காலை அதையே ஊதிப் பற்றவைக்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன. சாம்பல் தணலைக் காப்பாற்றும், அணைக்காது. சிரட்டைக்கரித் தூள் மணத்தை எடுக்கும் என்று போடுவதும் ஆபத்து. அது தானே பற்றும். மரத்தூளும் அப்படியே. அரித்துக் காயவைத்த ஆற்றுமணல் ஒரு தேக்கரண்டி போதும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு தகரத்தைத் தின்றுவிடும். மணம் பொறுக்காதவர்கள் மணலோடு அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா கலக்கலாம். கிழமைக்கொரு தடவை இரண்டையும் மாற்றுங்கள்.

தண்ணீர் ஊற்றவே வேண்டாம். கட்டை ஊறிய தண்ணீர் கடும் மண்ணிறமாக வரும். அது நிக்கொற்றின் சாறு. தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். பையில் கசிந்தால் துணியோடு தோலில் ஒட்டும். அதை மிளகாய்க் கன்றுக்குப் பூச்சிமருந்தாக ஊற்றலாமே என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. இலைப் புகையிலைக் கசாயத்தில் இல்லாத தாரும், புகையில் வந்த உலோகமும் இதில் சேர்ந்திருக்கின்றன.

யாருக்கு எப்படி

சாரம் கட்டுகிறவருக்குச் சட்டைப் பை இருக்காது. உருளைப் பேணியின் கழுத்தில் நைலோன் நூல் கட்டி இடுப்பு வாரில் தொங்கவிடலாம். சைக்கிளில் போகிறவர் கைபிடிக்குக் கீழே ரியூப் துண்டால் கட்டலாம். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் தாங்கியின் மேல் உள்ள பைக்குள் மட்டும் வைக்காதீர்கள். ஓட்டோவிலும் உழவு இயந்திரத்திலும் இருக்கைக்குப் பக்கத்துக் கம்பியில் கவ்வி போட்டுத் திருகு மூடிப் பேணியை நிறுத்தலாம். மூடி நூலால் பேணியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் குலுக்கலிலேயே மூடி தொலையும், மூடியில்லாப் பேணி வெறும் தகரம்.

வெட்டு மெசின் ஓடும் நாட்களில் வயலுக்குள் புகைப்பதே ஆபத்து. வைக்கோல் தூள் காற்றில் பறக்கும். வரம்பு தாண்டி வீதிக்கு வந்து, புல்லில்லாத இடத்தில் நின்று, பேணியோடு புகைக்கச் சொல்லுங்கள்.

பீடியில் பஞ்சு இல்லை. இலையும் தூளும் நூலும்தான். மக்கும். அதற்காக வீசலாம் என்று ஆகாது, தணலும் நிக்கொற்றினும் அதிலும் இருக்கின்றன. சுருட்டுக்கும் அதே. சுருட்டுக் கட்டை தடிப்பு என்பதால் குறுக்களவு 4 சென்ரிமீற்றர் உள்ள பேணி வேண்டும். தணல் பெரிது, அணைக்க இரட்டிப்பு நேரம் எடுக்கும்.

இன்னொரு பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். விலை கூடக்கூட, பாதி பத்திவிட்டு மிச்சத்தை அணைத்து வைத்துப் பிறகு பத்துகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். குறைச் சிகரெட்டைக் கட்டைப் பேணிக்குள் வைத்தால் தார் மணம் ஏறி வாயில் வைக்க முடியாது. அதன்பிறகு பேணியைக் குறைச் சிகரெட்டுக்கே ஒதுக்கிவிட்டுக் கட்டையை வெளியே போடத் தொடங்குவார்கள். முழுக்க அணைத்த குறையைக் காதில் வைத்துக்கொள்ளட்டும், பேணி கட்டைக்கு மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடை வாசல் பேணி

கட்டைகள் அதிகம் கிடப்பது பெட்டிக்கடை, தேத்தண்ணிக்கடை, பஸ் தரிப்பிடம் இவற்றைச் சுற்றிய பத்தடிக்குள்தான். முறிகண்டியில் வாகனம் நிறுத்திப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, பஸ் ஹோர்ன் அடிக்கும் வரை நிற்கும் அந்தச் சில நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். ஏறும் அவசரத்தில் கட்டை எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. சின்னப் பேணிகளைக் கொட்டுவதற்கும் பேணி இல்லாதவர் கட்டையைப் போடுவதற்கும் பெரிய பேணி அங்கேதான் வேண்டும்.

425 கிராம் மீன் ரின் போதும். சுமார் 11 சென்ரிமீற்றர் உயரம், ஏழரை அகலம். வெட்டிய விளிம்பைக் குறடால் உள்ளே மடித்துத் தட்டி மழுக்குங்கள். சோப்பும் சுடுநீரும் போட்டு எண்ணெய் மணம் போகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் முதல் இரவே நாயும் பூனையும் இழுத்துப் போகும். 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஆற்றுமணல் போடுங்கள். கட்டுக் கம்பியால் கொங்கிரீட் தூணிலோ இரும்புக் குழாயிலோ, நிலத்திலிருந்து ஒன்றேகால் மீற்றர் உயரத்தில் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டாது, பெரியவர் குனியவும் வேண்டாம். கிடுகு, ஓலை, விளம்பரத் துணி எதிலிருந்தும் ஒரு மீற்றராவது தள்ளி இருக்கட்டும். மேலே ஒரு தகரத் துண்டை ஒரு சாண் உயரத்தில் கூரையாக வளைத்துவிட்டால் மாரி மழை உள்ளே விழாது. அடியில் துளை போடாதீர்கள், சாறு நிலத்துக்குப் போகும்.

எந்த இடத்தில் கட்டுவது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும். லைற்றர் தொங்கும் இடத்தில் கட்டினால் பயனில்லை, அங்கே சிகரெட் தொடங்குகிறது. அது முடியும் இடம் வாங்கின் ஓரம் அல்லது மரத்தடி. ஒரு நாள் பின்னேரம் நிலத்தைப் பார்த்தால் கட்டைகளே இடத்தைக் காட்டும். அவை மிக நெருக்கமாகக் கிடக்கும் இடத்தில் கட்டுங்கள். மூன்று எட்டுத் தூரத்தில் இருந்தால் கூட நடக்க மாட்டார்கள்.

இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டப்படி மூடிய பொது இடத்துக்குள் புகைக்க முடியாது. 21 வயது ஆகாதவருக்கு விற்கவும் முடியாது. ஆகவே பேணி கடைக்கு வெளியே மட்டும். புகையிலை விளம்பரத்தையும் அதே சட்டம் தடுக்கிறது, சிகரெட் பெயரோ சின்னமோ பேணியில் இருக்கக் கூடாது. வெளிநாடுகளில் புகையிலை நிறுவனங்களே இலவசமாகக் கையடக்கப் பேணி கொடுத்த கதை உண்டு. குப்பை செய்வது புகைப்பவர்தான், நாங்கள் அல்ல என்று காட்ட அது நல்ல வழி. அப்படி யாராவது பணம் தர வந்தால் மீன் ரின்னுக்கும் மணலுக்கும் அவர்களுடைய காசு தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள்.

கடைக்காரர் நாளாந்தம் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. கடை பூட்டும்போது, கையில் சொப்பிங் பையைப் போட்டுக்கொண்டு கட்டைகளை எடுக்கலாம். அல்லது 5 மில்லிமீற்றர் கண்ணுள்ள கம்பிவலையில் மணலை அரிக்கலாம். அந்த வலை இதற்கு மட்டும். மணலை மாதம் ஒரு தடவை மாற்ற வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே தேத்தண்ணி ஆற்ற வேண்டும்.

கடைசியில் எங்கே

கட்டையை எரிக்கக் கூடாது. பஞ்சு எரியும் புகை தொண்டையை அரிக்கும், உலோகம் சாம்பலில் தங்கும். வன்னியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: போர் நடந்த நிலத்தில் குப்பை கூட்டி எரிக்கும் இடத்துக்குக் கீழே என்ன புதைந்திருக்கிறது என்று தெரியாது. வெடிபொருள் இருந்தால் சூட்டில் வெடிக்கும். இதே காரணத்துக்காக, கட்டை பொறுக்கும் சிரமதானத்தை வீதி, வளவு, பாவனையில் உள்ள பாதை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பற்றைக்குள் இறங்குவதோ, கம்பியால் மண்ணைக் கிளறுவதோ வேண்டாம். சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கமே பிள்ளைகளை விட வேண்டாம்.

கிணற்றடி, எருக்குழி, மலசலகூடக் குழி எதிலும் போடாதீர்கள். எருக்குழியில் போட்டால் பசளையோடு தோட்டத்துக்கு வரும்.

நல்ல வழி: காய்ந்த கட்டைகளை ஒன்றரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில் குச்சியால் நெருக்கி அடைத்து மூடி வையுங்கள். ஐந்நூறுக்கு மேல் கொள்ளும். ஈரக் கட்டை போட்டால் பூஞ்சணம் பிடித்து நாறும். ஒரு நாள் நிழலில் காயவிட்டுப் போடுங்கள். போத்தலில் கறுப்பு மையால் “நஞ்சு” என்று எழுதி உயரத்தில் வையுங்கள். நிரம்பியதும் பிரதேச சபைக் குப்பை வண்டியில் பொதுக்குப்பையோடு கொடுக்கலாம். வண்டி வராத கிராமங்களில், சந்தைக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடலாம். மூடிய போத்தல் மாதக்கணக்கில் இருந்தாலும் கெட்டுப்போகாது என்பதால் அவசரமில்லை.

சின்னப் பிள்ளை கட்டையை விழுங்கிவிட்டால் வாந்தி, எச்சில் ஊறல், முகம் வெளுத்தல், நடுக்கம் வரலாம். வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்துவிடுங்கள். வலிந்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1990க்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள் அல்லது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எத்தனை கட்டை, எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லத் தெரிந்திருந்தால் வைத்தியருக்கு உதவி.

ஆட்களிடம் கொடுக்கும்போது

புகைப்பது கூடாதென்ற போதனையை இதோடு கலந்தால் பேணியை வாங்க மாட்டார்கள். (பஞ்சு உடம்பைக் காப்பாற்றும் என்று யாராவது நினைத்தால் மட்டும் திருத்துங்கள், காப்பாற்றாது.) “அண்ணை, கட்டையை இதுக்குள்ள போட்டிட்டு, நிரம்பினாப் பிறகு கடையில கொட்டுங்கோ” என்பது போதும். வயது கூடியவரிடம் இளம்பிள்ளைகள் போய்ச் சொல்லுவதைவிட, கடைக்காரர் மிச்சக்காசோடு பேணியைக் கையில் கொடுத்து “ஐயா, இதையும் கொண்டுபோங்கோ” என்றால் மறுப்பு வராது. முதலில் ஓட்டோத் தரிப்பிடத்தில் தொடங்குங்கள். ஒரே ஆட்கள், ஒரே இடம், ஒருவர் செய்வதை மற்றவர் பார்ப்பார்.

வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல், ஓகஸ்ட் நடுவில் மடு மாதா திருவிழா போன்ற கூட்டங்களுக்கு மடிப்புப் பையும் மீன் ரின்னும் இரண்டும் வேண்டும். வற்றாப்பளையில் நந்திக்கடல் களப்பு பக்கத்திலேயே இருக்கிறது. மடுவில் அந்த மாதம் காடு காய்ந்து கிடக்கும். கோயில், ஆலய வளவுக்குள் வைக்காமல் வாகனத் தரிப்பிடத்திலும் தண்ணீர்ப்பந்தலிலிருந்து தள்ளியும் கட்டுங்கள். கூட்ட நாளில் இரண்டு மணிக்கொரு தடவை ரின்னைப் பார்க்க ஒருவர் வேண்டும். நிரம்பி வழியும் ரின்னைச் சுற்றி நிலத்தில் போடத் தொடங்கினால் பிறகு நிறுத்த முடியாது.

பலன் இருக்கிறதா என்று அறிய, கடை முன்னால் பத்து மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம் அளந்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். முதலில் முழுக்கக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டு, ஏழு நாள் கழித்து அதற்குள் கிடக்கும் கட்டைகளை எண்ணி எழுதுங்கள். பிறகு பேணி கட்டுங்கள். அடுத்த கிழமை அதே நாள், அதே நேரம் எண்ணுங்கள். தொகை குறையாவிட்டால் மூன்றில் ஒன்று பிழை: ரின் தூரம், ரின் நிரம்பியிருக்கிறது, அல்லது மழை உள்ளே விழுந்து நாறுகிறது. முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள்.